ஈரம் காயாத மெத்தை

மெத்தை தைக்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்தவளுக்கு மத்தியான வேளையைத் தள்ள ஒரு வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான். எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவருக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். அவருக்கு அங்கேயே இன்னொரு குடும்பம் இருந்தது என்பது நான் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கொஞ்ச காலம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். பிறகு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறி வந்துவிட்டேன். வாழாவெட்டி என்ற சொல்லை ஊரில் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நாலடி நடந்த பிறகு முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரியின் ஓரத்தில், தோணிரேவுக்குப் பக்கம். படகு அணையும் துறையை எங்கள் பக்கம் ரேவு என்போம். வீட்டில் நைனா, நான், தங்கை மூன்று பேர். அப்பாவை எங்கள் பக்கம் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா என் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். நைனா பாய் கட்டிய படகில் ஆட்களையும் கூடைகளையும் ஏற்றி ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் கொண்டுபோய் விடுவார். நான் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவுவேன். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவ வேண்டும். இறால் கையில் பட்டால் பறிக்குள் போகும். கெளுத்தி பட்டால் அதன் முள் விரலுக்குள் போகும். கரையேறும்போது தாடை விண்விண்ணென்று வலிக்கும், உடம்பு நடுங்கும். இதையெல்லாம் பெரிய சாகசம் மாதிரி இப்போது சிலர் கேட்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அலுப்பு ஒன்றுதான்.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஏரிக் காற்று கூரைக்குள் புகுந்து எலும்பைத் தொடும். அதற்காக எல்லா வீட்டிலும் ஒரு மெத்தை இருக்கும். பஞ்சு மெத்தை இல்லை. பழம்புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுத் தைத்தது. கீழே விரித்தால் மெத்தை, மேலே இழுத்துக்கொண்டால் போர்வை. எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்கு பேசும் ஊர்களில் இதைப் பொந்த என்பார்கள். அதை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆடு ஏறிப் படுத்தாலும் விரட்டச் சோம்பல்படுவார்கள்.

திரும்பி வந்த வருஷம் அம்மாவின் புடவைகளை எடுத்து நான் என் முதல் மெத்தையைத் தைத்தேன். பருத்திச் சேலை நாலைந்து இருந்தது. நல்ல நாளுக்கென்று அம்மா ஆசையாக வாங்கிய நைலக்ஸ் புடவை ஒன்றும் இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று நைலக்ஸை மேலே வைத்தேன். முதல் தடவை துவைத்ததும் பருத்தி சுருங்கியது, நைலக்ஸ் அசையவில்லை. மெத்தை நாலு மூலையும் தூக்கிக்கொண்டு வெயிலில் போட்ட மீனைப் போல வளைந்து நின்றது.

"முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மாவா சொன்னாங்க?" என்று தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். "இத்த போத்திக்கினா நம்மளும் இப்டிதான் வளஞ்சிடுவோம்."

எனக்கு வந்த கோபத்தில் முழுவதையும் பிரித்துப் போட்டேன். பிரிப்பதற்குத் தைப்பதைவிட அதிக நாள் ஆயிற்று. ஆனால் அதில்தான் துணி என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. எது சுருங்கும், எது வழுக்கும், எது ஊசியைப் பிடித்துக்கொண்டு விடாது, எது சும்மா அழகு காட்டிவிட்டு முதல் மழையிலேயே சாயத்தை விடும் என்று விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. மனிதர்களைப் பற்றி இந்த ஞானம் முன்பே வந்திருந்தால் எண்ணூர் போயிருக்க மாட்டேன்.

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ஒரு தையல்காரர் இருந்தார். முஸ்லிம் குடும்பம். அவர் மனைவியிடம் நான் இறால் கொண்டுபோய்க் கொடுப்பேன். தராசெல்லாம் கிடையாது. நான் கை நிறைய அள்ளிப் போடுவேன், அந்த அம்மா தன் முறத்தில் குவிந்திருக்கும் வெட்டுத்துணிகளை என் கூடையில் கொட்டுவார். ரவிக்கைத் துண்டு, பள்ளிக்கூட யூனிபாரத்தின் நீலம், நிக்காஹ் உடுப்பில் மிஞ்சிய பச்சை வெல்வெட், எல்லாவற்றுக்கும் மேலாக லுங்கித் துண்டுகள். பழவேற்காட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு காலத்தில் கப்பலேறிப் போன கட்டம் போட்ட துணி அது. அந்தக் கட்டங்கள்தான் என்னை இழுத்துவிட்டன.

சும்மா ஒட்டுப்போட்டால் கட்டம் கண்ணைக் குத்தும். ஒரு துண்டின் கோடு பக்கத்துத் துண்டின் கோட்டோடு போய்ச் சேர வேண்டும், வெட்டு எங்கே என்று தெரியக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி பிடித்தது. மணலில் துண்டுகளைப் பரப்பி, காற்று தூக்காமலிருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிளிஞ்சலை வைத்து, தள்ளி நின்று பார்ப்பேன். மாற்றுவேன். மறுபடி தள்ளி நிற்பேன். நைலான் வலை வந்த பிறகு பருத்தி வலைநூலை யாரும் சீண்டவில்லை. அதை இழை பிரித்துத் தையலுக்கு வைத்துக்கொண்டேன். உப்பில் ஊறி வெடித்த விரலில் ஊசி ஏறும்போதெல்லாம் ஒரு கெட்ட வார்த்தை வரும். நைனா படகைக் கட்டிவிட்டு வந்து அந்தப் பக்கமாகப் போவார்.

"கோடு கோணிக்கினு போவுது பாரு," என்பார்.

"எங்க கோணுது?"

"எனக்கு இன்னா தெரியும்? கோணுதுன்னு தெரியுது."

அவர் சொன்ன இடத்தைத் திரும்பிப் பார்த்தால் கோணியிருக்காது. என்னைச் சீண்ட வேண்டும், நான் கத்த வேண்டும், வீட்டில் சத்தம் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

லுங்கி மெத்தையைப் பார்த்துவிட்டு ஊர்க்காரர்கள் பழந்துணிகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் வெறும் வெள்ளை வேட்டிகள் மட்டும் வந்தன. வெள்ளையில் என்ன செய்வது என்று பல நாள் முழித்தேன். கடைசியில் தையலையே கோலமாகப் போட்டேன். தூரத்தில் பார்த்தால் ஒன்றும் இல்லை, பக்கத்தில் வந்தால் புள்ளியும் கோடும் தெரியும். இன்னொன்றில் கிழிந்த சட்டைகளின் பையை அப்படியே விட்டுத் தைத்தேன். அந்த வீட்டுக் கிழவர் அதில் பீடிக்கட்டை வைத்துக்கொண்டு படுத்தார். ஒருநாள் மெத்தை கருகியது, பழி எனக்கு வந்தது. இப்படிச் சில சந்தோஷங்கள் இருந்தன. ஆனால் காலையெல்லாம் குனிந்து இறால் தடவி, மத்தியானமெல்லாம் குனிந்து தைத்து, நிமிர்ந்தால் இடுப்பு ஏதோ அடுத்த வீட்டுக்காரியின் இடுப்பு மாதிரி எனக்குச் சொந்தமில்லாமல் இருக்கும்.

தங்கைக்குப் பொன்னேரியிலிருந்து வரன் வந்தது. பையன் ரைஸ் மில்லில் மூட்டை எடை போடும் இடத்தில் வேலை. அதிகம் பேசாத பிள்ளை. அவன் அம்மா அவனுக்கும் சேர்த்துப் பேசினாள். பெண் பார்க்க வந்த அன்று பாயில் உட்கார்ந்தவள் முந்தானையால் மூக்கை ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

"நாங்க மூணு தலைமுறையா நெல்லுக்காரங்க. மீனு, கருவாடு வாசனையே ஆவாது. பொண்ணு லட்சணமா கீதேன்னுதான் இவ்ளோ தூரம் வந்தோம்," என்றாள்.

நமக்கும் நம்மைவிட ஒருபடி மேலே இருக்கிற வீடு கிடைக்கிறதே என்று நைனாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் தங்கையும் என்னைப் போல வருஷம் முழுக்கத் தண்ணீரில் நிற்க வேண்டாம், விரல் வெடிக்காமல் இருக்கட்டும் என்று நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். வீட்டில் ஒருத்தி திரும்பி வந்திருக்கும்போது இன்னொருத்திக்கு இடம் அமைவதே பெரிது. அவள் அங்கே நிலைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

கல்யாணச் சீரில் கோரைப்பாயும் தலையணையும் விரிப்பும் போக வேண்டும். விரிப்பு என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வருஷம்தான் நைனா படகின் பழைய பாயைக் கழற்றினார். எல்லாரும் யூரியாச் சாக்கைப் பிரித்துத் தைத்த பாய்க்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அது லேசு, ஊறாது. பழையது காடாத்துணி. புளியங்கொட்டைச் சாயத்தில் வருஷா வருஷம் தோய்த்துத் தோய்த்து மரப்பட்டை நிறம் ஏறியிருந்தது. எத்தனையோ வருஷம் காற்றில் அடிபட்டு, தொட்டால் கைக்குழந்தையின் துணி மாதிரி மெத்தென்று இருந்தது.

"இத்த போட்டு தெய்ம்மா சின்னதுக்கு," என்று நைனா அதை என் முன்னால் கொண்டுவந்து போட்டார். "என்கிட்ட வேற இன்னா கீது குடுக்க?"

பாயை ஏரியில் அலசி, கல்லில் அடித்து, மணலில் விரித்து, மொறுமொறுவென்று ஆகும்வரை சித்திரை வெயிலில் காயவைத்தோம். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் என்பது மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் நிரப்புவது. அதில் படகுப் பாயைத் துவைத்தேன் என்று சொன்னால் ஊரே கூடி நின்று சிரிக்கும். துணி என்றால் ஏரியில் துவைப்போம், வெயிலில் காயும். பிறந்ததிலிருந்து அப்படித்தான்.

அந்த மெத்தையை நான் தைத்த மாதிரி பிறகு எதையும் தைக்கவில்லை. ஏரியில் தண்ணீர் வடிந்த நாளில் படகிலிருந்து பார்த்தால் சேற்றுத்திட்டு ஒன்று, தண்ணீர்க் கோடு ஒன்று என்று மாறி மாறிக் கரைவரைக்கும் போகும். நானும் தங்கையும் சின்ன வயதில் நைனாவின் படகில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வருவோம். அதை வைக்கலாம் என்று தோன்றியது. பாய்த்துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்துத் திட்டாக வைத்தேன். யூனிபார நீலமும் பச்சை வெல்வெட்டும் லுங்கியின் வெளிர்க் கட்டங்களும் தண்ணீராக நடுவில் ஓடின. ஓரங்களை நேராக வெட்டவில்லை. தண்ணீர் எங்கே நேராகப் போகிறது? உள்ளே இரண்டு அடுக்கும் பாய்த்துணியே. தையல்காரர் மனைவி அதைத் தன் கூடத்தில் விரித்துப் பார்த்துவிட்டு ஓரத்தைக் கையால் தடவினார்.

"ஏம் புள்ள, இது மேல எப்டி படுக்கறது? சேத்துல கால வெச்ச மாரி கூசுது," என்றார். எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தேவைப்படவில்லை.

வைகாசியில் கல்யாணம். பொன்னேரியில் சீர் பிரித்தபோது மாமியார்க்காரி மெத்தையைக் கட்டிலில் விரித்துத் தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாளாம். அது என்ன துணி என்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மீன்காரப் படகின் பாய் என்று நெல்லுக்காரர்களிடம் சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா? தங்கை ஆடிக்கு வந்தபோது கன்னம் பூரித்து இருந்தாள். நாள் தள்ளியிருக்கிறது என்றாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்தது குழந்தைக்கு ஒரு சின்ன மெத்தை என்று வெள்ளைத் துணிகளை ஒதுக்கி வைக்க ஆரம்பித்தேன்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், விடாத மழையில், தங்கை தனியாக வந்து நின்றாள். அந்தக் கையில் பை, இந்தக் கையில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய மெத்தை.

எங்களில் ஏழாம் மாதத்தில் புருஷன் வீட்டில் வளையல் போட்டு, பிறந்த வீட்டார் போய்ச் சோறு கட்டி அழைத்து வர வேண்டும். ஐந்தாம் மாதத்தில் பெண் தானாக பஸ் ஏறி வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். நைனா படகில் இருந்தார். நான் தங்கையை உள்ளே இழுத்து, தலையைத் துவட்டிவிட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டேன். நான் திரும்பி வந்த அன்றைக்கு என்னை இப்படித் துவட்டிவிட அம்மா இல்லை என்பது ஏனோ அப்போது ஞாபகம் வந்தது.

"மழ ஆரம்பிச்சதுலருந்து மெத்த ஈரமாவே கீதுக்கா," என்றாள். "ஒரு சொட்டு தண்ணி படல. கட்டில்லயே கீது. சாயங்காலமானா நனஞ்ச மாரி ஆய்டுது. அடுப்பு மேல காட்டி காய வெச்சா, மறுநாள் மறுபடியும் ஈரம். நாத்தம் அடிக்குதுன்றாங்க அத்தை. எனக்கு ஒண்ணும் தெரியல. அவருக்கும் தெரியலயாம். தெருவுல கேக்கறாங்களாம், உங்க வூட்ல கருவாடு காயுதான்னு. கந்தையானாலும் கசக்கிக் கட்டுன்னு உங்க ஊர்ல சொல்லித் தரலியான்னு ஒரே திட்டு. நேத்து மெத்தய சுருட்டி என் கையில குடுத்து, நீயும் இதுவும் உங்க நைனா வூட்லயே இருங்கன்னுட்டாங்க."

"உன் வூட்டுக்காரரு?"

"பஸ் ஏத்திவுட்டாரு. அழுதாரு."

அழுவதற்குப் பஸ் நிலையம் வரைக்கும் வர வேண்டுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெத்தையைப் பிரித்து மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தேன். ஒரு நாற்றமும் இல்லை. துணி வாசனைதான் அடித்தது. நைனா வந்ததும் அவரிடம் கொடுத்தேன். அவரும் மோந்து பார்த்துவிட்டு, "இன்னா நாத்தம்? நல்லாதான கீது?" என்றார். மூன்று பேரும் மாறி மாறி மோந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஏரிக்குள் நின்றுகொண்டு ஏரியின் வாசனையைத் தேடியிருக்கிறோம்.

மெத்தையை அடுப்புக்கு மேலே கொடியில் போட்டேன். மறுநாள் பார்த்தபோது, காய்ந்த மடிப்புகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கருவாட்டில் பூக்குமே, அதே வெள்ளை. நைனா விரலால் தேய்த்துப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது.

"உப்பு," என்றார். "உப்பு மூட்ட மழ நாள்ல தண்ணி வுடுதுல்ல? அதான் இது. காத்துல கீற ஈரத்த எல்லாம் இஸ்துக்குது. எத்தினி வருஷத்து உப்பு கீதோ அந்த பாயில." பிறகு வெளியே போய் மழையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான்தான் குடுத்தேன். குடுக்க வேற ஒண்ணும் இல்லன்னு இத்த குடுத்தேன்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டேன், வரவில்லை.

இதில் யார் மேல் தப்புச் சொல்வது? எங்கள் வீட்டில் தலையணை, பாய், பாவாடை, சுவர் எல்லாவற்றிலும் அந்த உப்பு இருக்கிறது. மழைக்காலம் என்றால் எல்லாம் ஈரமாகத்தான் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மற்ற ஊரில் துணி காயும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மெத்தையை அப்படியே நல்ல தண்ணீரில் ஊறவைக்கலாம் என்றாள் தங்கை. நாலு அடுக்கும் நெருக்கத் தையலும் போட்ட துணிக்குள்ளிருந்து உப்பு எங்கே வெளியே வரும்? பிரிக்க வேண்டும். நான் பிரித்தேன். எனக்கு அதுவரைக்கும் அப்படி ஒரு களைப்பு வந்ததில்லை. ஒவ்வொரு தையலையும் நான் எந்த நினைப்பில் போட்டேன் என்று விரலுக்கு ஞாபகம் இருந்தது. இது அவள் கல்யாணத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டே போட்டது, இது இடுப்புவலியில் போட்டது, இது நைனா கோணுது என்று சொன்ன இடம். எல்லாவற்றையும் பிளேடால் அறுத்தேன். பிரித்த பட்டைகளைக் கூரை ஒழுக்கின் கீழே அண்டாவில் போட்டோம். வானம் நல்ல தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது, அது ஒன்றுதான் எங்கள் பக்கம் இருந்தது. ஊறவைப்பது, பிழிவது, தண்ணீரைக் கொட்டுவது, அடுப்பில் காட்டுவது. வெள்ளை பூத்தால் மறுபடியும் அண்டாவில். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு பிழிய வருவாள், நான் விரட்டுவேன். கார்த்திகை முழுக்க இதே வேலை. இறாலுக்குப் போகவில்லை. நைனா கொண்டுவந்ததை வைத்துக் கஞ்சி குடித்தோம்.

ஊரில் ஆறுதல் சொல்ல வந்தவர்களும் இருந்தார்கள். "போனா போவுது, அக்காவும் தங்கச்சியும் ஒண்ணா இருந்துட்டு போங்க," என்றாள் ஒருத்தி. அவளை நான் என்ன சொல்லி அனுப்பினேன் என்பதை இங்கே எழுத முடியாது.

மார்கழியில் மழை விட்டது. பாய்த்துணியில் வெள்ளை பூப்பதும் நின்றது. நிறம் வெளுத்துப்போயிருந்தது. மரப்பட்டை நிறம் போய், பாலில்லாத டீ மாதிரி ஆகியிருந்தது. மறுபடி அதே திட்டு, அதே தண்ணீர் என்று வைத்துத் தைத்தேன். முதலில் தைத்தது மாதிரி வரவில்லை. ஒரே ஆள் ஒரே துணியில் இரண்டாவது முறை அதே சந்தோஷத்தோடு தைக்க முடியுமா? கை தைத்தது, நான் இல்லை. பொங்கல் கழித்து, ஏழாம் மாதம் பிறப்பதற்கு முன்னால், தங்கையையும் மெத்தையையும் கூட்டிக்கொண்டு பொன்னேரிக்கு பஸ் ஏறினேன். வளையல் அந்த வீட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் பிறகு எந்தப் பேச்சும் இல்லை. வழி முழுக்க மாமியார்க்காரியிடம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சண்டை போட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். தங்கை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

மாமியார்க்காரி கூடத்தில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. தங்கை வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டாள். நான் மட்டும் உள்ளே போய் மெத்தையை அவள் முன்னால் வைத்தேன்.

"உப்பு இருந்திச்சி அத்தே. பிரிச்சி, மழத் தண்ணியில ஊற வெச்சி எடுத்துட்டேன். இனிமே ஈரம் வராது. எம் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல," என்றேன். தங்கையை எம் பொண்ணு என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"இப்ப மழ எங்க கீது? வருமா வராதான்னு அடுத்த ஐப்பசியிலதான் தெரியும்," என்றாள்.

அவள் சொன்னது நியாயம்தான். அடுத்த ஐப்பசி வரைக்கும் பிள்ளையோடு தங்கை எங்கே நிற்பாள்? போட்ட சண்டையெல்லாம் போய், காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். மெத்தையின் ஒரு மூலையைப் புரட்டி, பாய்த்துணி மடிந்து உள்ளே போகும் இடத்தைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து, சட்டென்று நாக்கு நுனியில் வைத்து எடுத்தாள்.

கண்மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் நான் பார்த்துவிட்டேன். ஏரிக்கரையில் ஊற்றுத் தோண்டினால் முதல் தண்ணீரை அப்படித்தான் நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்போம். வலைநூல், கயிறு, துணி எதில் உப்பு நிற்கிறது என்றாலும் அப்படித்தான். சின்னப் பிள்ளையிலிருந்தே வந்த பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. பொன்னேரியில் வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வளர்ந்தவளுக்கு அது எங்கிருந்து வரும்? நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அவள் கை மூலையைப் பிடித்தபடியே நின்றுவிட்டது.

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலை இறக்கி, "எந்த ரேவு பாயி இது?" என்றாள்.

அது படகுப் பாய் என்று அந்த வீட்டில் நாங்கள் யாரும் சொன்னதில்லை. அவளுக்கு அந்த வாசனை கல்யாணத்தன்றே தெரிந்திருக்கும். தன் பூர்வீகம் தெருவுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில்தான் வயிற்றுப் பிள்ளைக்காரியை மழையில் பஸ் ஏற்றியிருக்கிறாள். நீங்க எந்த ரேவு அத்தே என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்டிருந்தால் மூன்று தலைமுறை நெல்லும் அந்தக் கூடத்திலேயே கொட்டியிருக்கும். எனக்கு அவ்வளவு கோபம் இருந்தது. ஆனால் தங்கை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எங்க நைனா படகு பாயி," என்றேன். "தோணிரேவு பக்கம்."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாசலைப் பார்த்துச் சத்தமாக, "இன்னாமே, வெளியவே நின்னுக்கினு? உள்ள வா. கால நீட்டி உக்காரு," என்றாள். தங்கை படி ஏறி உள்ளே வந்தாள். அந்த ஒரு படியை அவள் ஏறுவதைப் பார்க்கத்தான் நான் கார்த்திகை முழுக்க அண்டாவில் கையை விட்டுக்கொண்டிருந்தேன்.

மெத்தையை மாமியார்க்காரி தங்கையின் அறைக்குக் கொண்டுபோகவில்லை. தன்னுடைய கட்டிலில் விரித்தாள். திட்டும் தண்ணீரும் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே திருப்பிச் சரியாகப் போட்டாள். வெள்ளிக்கிழமை வளையல் போடலாம், நைனாவை வரச் சொல் என்றாள். காப்பி கொடுத்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரைக்கும் கூடவே வந்து, தெருவில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"முழுசா எடுத்துட்டியேமா," என்றாள். "ஒரு பொட்டு உப்பு இல்லாம எடுத்துட்டியே."

அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு இரக்கம் வந்தது. அதைவிட அதிகமாக அலுப்பு வந்தது.

"நீங்கதானே அத்தே திருப்பி அனுப்பினீங்க," என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.